அம்பத்தூரில் வாங்கிய பழைய ஆர்கான் வெல்டிங் இயந்திரம்: ஒரு மதிப்பீடு

மொட்டை மாடியில் உள்ள சிறு பட்டறையில் எவர்சில்வர் குழாய், தகடு வேலைகள் செய்வதற்காக, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு பழைய இயந்திரக் கடையில் டிக் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். டங்ஸ்டன் கம்பியின் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை (ஆர்க்) எரியவிட்டு, ஆர்கான் கேஸ் காற்றைத் தடுக்க, உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை இது; பேச்சில் ஆர்கான் வெல்டிங் என்பார்கள். சில மாதங்கள் வேலை வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன். கடையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். இயந்திரமும் நன்றாகவே இருக்கிறது. அதனுடன் சேர்த்துக் கொடுத்த டார்ச், அதாவது டங்ஸ்டனைப் பிடிக்கும் கைப்பிடி, மட்டும் சரியில்லை.

நான் எடுத்தது ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் 200 ஆம்பியர் டிசி (நேர்மின்னோட்ட) இன்வெர்ட்டர் வகை, அதாவது மின்னணுப் பலகைகளால் இயங்கும் எடை குறைந்த இயந்திரம். அதே கடையில் இரும்புப் பெட்டி போன்ற பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை இயந்திரங்கள் இதைவிட மலிவாகக் கிடந்தன. எளிதில் பழுதாகாதவை என்றாலும் அவை மும்முனை மின்சாரம் கேட்பவை, படியேற்ற நான்கு ஆள் வேண்டியவை. இன்வெர்ட்டரை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 200 ஆம்பியரில் வில்லின் மின்னழுத்தம் சுமார் 18 வோல்ட், அதாவது வெளியீடு 3,600 வாட். இயந்திரத்துக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சாதாரண 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆனால் எவர்சில்வரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 30 முதல் 40 ஆம்பியர் போதும் என்பதால், 1.2 மில்லிமீட்டர் குழாய்க்கு 50 ஆம்பியரைத் தாண்ட வேண்டியதே இல்லை. அந்த அளவில் வீட்டுக் குளிர்சாதனத்துக்கான இணைப்பிலேயே வேலை தடையின்றி நடக்கிறது.

அலுமினியமும் ஒட்ட வேண்டும் என்பவர்களுக்கு இந்த இயந்திரம் உதவாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தப் படலத்தை உடைக்க ஏசி, அதாவது மாறுமின்னோட்டம் தேவை. ஏசி, டிசி இரண்டும் தரும் இயந்திரங்களும் கடையில் இருந்தன. ஆனால் அவற்றின் உள்ளே பலகைகள் அதிகம், பழுதானால் செலவும் அதிகம். அவற்றைப் புதிதாக, உத்தரவாதத்துடன் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம், அங்கே ஆர்கான் சிலிண்டர் இணைப்பில் இருந்தது என்பதுதான். பழைய இயந்திரம் விற்கும் பல இடங்களில் கேஸ் இல்லாமல் ஒரு பொறியைத் தட்டிக் காட்டி, “ஓடுது பாருங்க” என்று முடித்துவிடுவார்கள். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இங்கே உரிமையாளர் ஒரு நாற்காலியையும் முகமூடியையும் கொடுத்து, “எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டிப் பாத்துக்கங்க சார்” என்றார். டங்ஸ்டன் முனையைத் தகட்டில் படாமல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து டார்ச் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் வில் தானாகத் தாவிப் பிடித்தது. பொறி தாவாமல் தட்டித் தட்டித் தொடங்க வேண்டியிருந்தால், பொறியைத் தாவ வைக்கும் எச்.எஃப். (உயர் அதிர்வெண்) சர்க்யூட் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு மின்னோட்டத்தை 20 ஆம்பியருக்கு இறக்கிப் பார்த்தேன்; மெல்லிய தகட்டு வேலைக்கு வில் அங்கேயும் ஆடாமல் நிற்க வேண்டும், நின்றது. பொத்தானை விட்ட பின்னும் சில நொடிகள் கேஸ் வருகிறதா என்பதைக் காதை வைத்தே கேட்டுவிடலாம். வேலை முடிந்ததும் டங்ஸ்டன் முனை வெள்ளியாகப் பளபளத்தால் கேஸ் ஓட்டம் சரி. நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் எங்கோ காற்று புகுகிறது.

என் டங்ஸ்டன் கறுத்தது. இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்து, கடையிலிருந்த வேறொரு டார்ச்சை மாட்டியதும் அதே முனை வெள்ளியாக நின்றது. எனக்குத் தரப்பட்ட டார்ச்சின் பின்மூடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கேபிளின் உறையும் இரண்டு இடங்களில் டேப் சுற்றியது. மேலும், இயந்திரம் 200 ஆம்பியர் என்றாலும் டார்ச் 150 ஆம்பியர் தாங்கும் 17 எண் வகை. அதை விலைபேசும்போது அவர்கள் சொல்லவில்லை. கேட்டதற்கு விலையில் கொஞ்சம் குறைத்தார்களே தவிர மாற்றித் தரவில்லை. பாரிமுனையில் 26 எண் வகைப் புதிய டார்ச் வாங்கி மாட்டிய பிறகு குறையில்லை. எவர்சில்வர் இணைப்பு இளம் பொன் நிறத்தில் வருகிறது.

மூடியைக் கழற்றிப் பார்க்கவும் அனுமதித்தார்கள். உள்ளே கிரைண்டர் தூசி அடைபோல அப்பியிருந்தது. அதை ஊதித் துடைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் இரும்புத் தூள் பலகையில் ஷார்ட் ஆக்கிவிடும். இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் டியூட்டி சைக்கிள் 60 விழுக்காடு என்றிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே முழு மின்னோட்டம் என்று பொருள். அந்தக் கணக்கும் 40 டிகிரி சூழலுக்கு உரியது. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அது செல்லாது. மாலையில் கொஞ்சம் குளிர்ந்தபின் செய்யலாம் என்றால் கடற்காற்று வந்து ஆர்கானைக் கலைத்துவிடுகிறது. நான் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

இயந்திரத்தின் விலை ரூ. 9,500. அதோடு செலவு முடியாது. பத்து லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 1,500 லிட்டர் ஆர்கான் இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் மூன்று மணி நேரத்தில் காலி. சிலிண்டருக்கான முன்பணம், ரெகுலேட்டர், இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் பில்லர் ராடு, புதிய டார்ச் எல்லாம் சேர்ந்து இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிட்டன. டங்ஸ்டனில் சிவப்புப் பட்டை உள்ளதில் கதிரியக்கத் தோரியம் கலந்திருப்பதால், வீட்டில் தீட்டும்போது தூசியை மூச்சில் இழுக்க விரும்பாதவர்கள் சாம்பல் அல்லது நீலப் பட்டையை வாங்கலாம்.

ரசீதில் இயந்திரத்தின் வரிசை எண்ணை எழுதித் தந்தார்கள். பலகை பழுதானால் ஒரு மாதத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாக வாயால் சொன்னதையும் அதே தாளில் எழுதச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கையொப்பமிட்டார்.