ஹெவி லைசென்ஸ் பேக்கேஜ்: கொடுக்கும் காசு எதற்குப் போகிறது?

எல்எல்ஆரில் (பழகுநர் உரிமத்தில்) தொடங்கி கார்டு கைக்கு வரும்வரை "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றுதான் தமிழ்நாட்டு டிரைவிங் ஸ்கூல்கள் ஹெவி, அதாவது லாரி, பஸ் ஓட்டும் லைசென்ஸ் பேக்கேஜை விற்கின்றன. அந்த 'எல்லாம்' என்பதில் பேப்பர் வேலையை நாமே முடித்துவிடலாம். மிச்சமிருக்கும் ஸ்டியரிங் நேரத்துக்குத்தான் காசு. பல இடங்களில் கை வைப்பதும் அதில்தான்.

முதலில், ஹெவி உங்களுக்குத் தேவையா? மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கும் டாக்ஸிக்கும் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. டாடா ஏஸ் ஓட்டப் போகிறவர் தலையில் ஹெவி பேக்கேஜைக் கட்டப் பார்க்கும் ஸ்கூலிலிருந்து அப்படியே திரும்பிவிடலாம். லாரி, பஸ் என்றால் 20 வயது ஆகியிருக்க வேண்டும், எல்எம்வி எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு நிபந்தனை 2019இலேயே நீங்கிவிட்டது.

விண்ணப்பம் மத்திய அரசின் சாரதி இணையதளத்தில். மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு 150 ரூபாய், லைசென்ஸில் புது வாகன வகை சேர்க்க 500, டெஸ்டுக்கு 300; சேவைக் கட்டணம் தனி. டாக்டரிடம் படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்கூல் இல்லாமல் நகராதது படிவம் 5, அதாவது பயிற்சிச் சான்றிதழ். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: கார் மட்டும் கற்றுத்தர உரிமம் உள்ள ஸ்கூலின் படிவம் 5 ஹெவிக்குச் செல்லாது. முன்பணம் கட்டுமுன் சுவரில் மாட்டியிருக்கும் படிவம் 11 உரிமத்தில் கனரக வாகனம் இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

பயிற்சி 30 நாள், அதில் நீங்களே ஓட்டுவது குறைந்தது 15 மணி நேரம் என்கிறது விதி. தினம் அரை மணி என்று வரும். ஒரே லாரியில் ஆறு பேரை ஏற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் மாதக் கடைசியில் 5 மணி நேரம்தான் தேறும். பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கணக்கில் சேராது. ஓட்டிய நேரம் படிவம் 15இல் பதிவாக வேண்டும்; அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மொத்தமாக ஒரே நாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

நல்ல வாத்தியாரை முதல் நாளே அடையாளம் கண்டுவிடலாம். ஸ்டார்ட் செய்ததும் கியரில் கை வைக்க விடமாட்டார். பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் ஏர் மீட்டரைப் பார்க்கச் சொல்வார். காற்று ஏறி எச்சரிக்கை பஸ்ஸர் நின்ற பிறகுதான் பார்க்கிங் பிரேக்கை எடுக்கவிடுவார். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் காற்று இல்லையென்றால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதோடு இழுத்தால் கிளட்ச் கருகும். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவரிடம் கற்றுக்கொள்ளவே வேண்டாம். கியரைக் குறைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்க விடாமல் பிரேக்கையே மிதித்தால் பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இடது திருப்பத்தில் பின்சக்கரம் உள்ளே வெட்டும் என்பதை வாயால் சொன்னால் போதாது. நடைபாதை ஓரம் ஒரு கல்லை வைத்து, எவ்வளவு உள்ளே வருகிறது என்று கண்ணாடியில் காட்ட வேண்டும்.

எல்எல்ஆர் எடுத்து 30 நாளுக்குப் பிறகு டெஸ்டுக்குப் போகலாம். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது ரிவர்ஸில்: வலது கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இடது பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். தவறினால் 7 நாள் கழித்து மறுபடி. மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். மறு டெஸ்டுக்கு வண்டி வாடகை பேக்கேஜில் உண்டா என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையமும் கும்மிடிப்பூண்டியில் ஐஆர்டியின் (சாலைப் போக்குவரத்து நிறுவனம்) பயிற்சிப் பிரிவும் இருக்கின்றன. உள்ளூர் ஸ்கூலில் பணம் கட்டுமுன் அங்கும் விசாரிக்கலாம். கார்டு 5 ஆண்டுதான் செல்லும்; புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ மறுபடி வேண்டும், அதற்கு ஸ்கூல் பக்கமே போக வேண்டியதில்லை.