தலைக்காயம் ஆக்சிடென்ட் கேஸ் பார்த்த வக்கீல் ஆபீஸ், என்னோட ரிவ்யூ

அக்கா வீட்டுக்காரர் பைக்ல போகும்போது வேன் இடிச்சு தலையில அடிபட்ட கேஸ சேலத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குடுத்திருந்தோம், இப்ப தீர்ப்பு வந்துருச்சு, அதான் எழுதுறேன். ஆபீஸ் பேரு போடல, ஏன்னா கொறையும் சொல்லப் போறேன், கேஸ் கட்டு இன்னும் அவங்ககிட்ட தான் இருக்கு.

மொதல்ல நல்லது. நாங்க தழும்பு போட்டோ, ஸ்கேன் கவர் எல்லாத்தையும் மேஜை மேல பரப்பினோம், வக்கீல் மேடம் அத ஓரமா தள்ளி வச்சுட்டு அக்காகிட்ட "வீட்ல எப்படிம்மா இருக்காரு, முன்ன மாதிரி இருக்காரா"ன்னு தான் கேட்டாங்க. அதுக்கப்புறம் அக்கா நிறுத்தவே இல்ல. மாமா எலக்ட்ரீஷியன், அதிர்ந்து பேசாத மனுசன், இப்ப பிள்ளைங்க டிவி சவுண்டு கூட்டினாலே கத்துறாரு, இப்ப சொன்னது இப்பவே மறந்துபோகுது, ஏணி ஏறினா தலை சுத்துது, சுவிட்ச் போர்ட கழட்டிட்டு எந்த ஒயர் எதுல போகும்னு முழிக்கிறாரு. ஆனா பாக்க ஆளு ஜம்முனு இருக்காரு. சொந்தக்காரங்க சோம்பேறித்தனம்னே முடிவு கட்டிட்டாங்க. மேடம் தான் சொன்னாங்க, நெத்திப் பக்கத்து மூளையில அடிபட்டா கை காலுக்கு ஒண்ணும் ஆகாம கோவமும் நிதானமும் மட்டும் மாறிப்போகலாம், உள்ள நரம்பு இழைங்க அங்கங்க அறுந்திருந்தா சிடி ஸ்கேன்ல நார்மல்னு கூட வரும்னு.

இது ஏன் முக்கியம்னா, இன்சூரன்ஸ் தரப்பு பிடிச்சுக்கிட்டதே அத தான். ஆஸ்பத்திரி பேப்பர்ல ஜிசிஎஸ் 14னு இருந்துச்சு, அதாவது நினைவு எவ்ளோ தெளிவா இருக்குன்னு 3லேர்ந்து 15 வரைக்கும் போடுற மார்க்கு, 13லேர்ந்து 15க்குள்ள இருந்தா லேசான காயம்னு தான் கணக்கு. லேசுன்னு எழுதியிருக்கே அப்புறம் என்ன நஷ்டம்னு குறுக்கு விசாரணையில கேட்டாங்க. ஆனா அந்த மார்க்கு அடிபட்ட அன்னிக்கு நிலைமைய சொல்றது, ஆறு மாசம் கழிச்சு ஆளு வேலைக்கு போவாரான்னு அது சொல்லாது. இத எதிர்பாத்தே மேடம் முன்கூட்டியே நியூரோசைக்காலஜி டெஸ்ட் எடுக்க வச்சுட்டாங்க, ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் இதெல்லாம் தனித்தனியா அளக்குற டெஸ்ட்டு, பாதி நாள் ஓடுது, மாமா நடுவுல எந்திரிச்சு போகப் பாத்தாரு. அந்த ரிப்போர்ட்டும், அவர வேலைக்கு கூப்பிட்டுட்டு இருந்த கான்ட்ராக்டர் சாட்சியும் தான் கேஸ தூக்கி நிறுத்துச்சு.

பணக் கணக்கு எனக்கு அப்ப தான் புரிஞ்சது. மெடிக்கல் போர்டு 20% ஊனம்னு குடுத்தாங்க. ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய்னு போட்டா ஒரு லட்சத்தோட கதை முடிஞ்சிடும். ஆனா ஒடம்பு ஊனம் வேற, சம்பாதிக்கிற சக்தி போறது வேற, அந்தாளு செய்யுற வேலைய வச்சு தான் பாக்கணும்னு 2010ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மாமாவுக்கு வயசு 38, மாச வருமானம் 15,000னு எடுத்து, எதிர்கால வருமானத்துக்கு 40% சேத்தா 21,000, அத 12 மாசத்தால பெருக்கி அந்த வயசுக்குன்னு கோர்ட்ல வச்சிருக்குற பெருக்கல் எண் 15ஆல பெருக்கினா 37,80,000. மேடம் சம்பாதிக்கிற சக்தியில 50% போச்சுன்னு கேட்டாங்க, தீர்ப்பாயம் 40% ஒத்துக்கிச்சு, அந்த ஒரு கணக்குல மட்டும் 15,12,000. ஆஸ்பத்திரி செலவு, வலி வேதனை தனி, மனு போட்ட நாள்லேர்ந்து 7.5% வட்டி. கொஞ்சத்த பேங்க்ல டெபாசிட்டா போடச் சொல்லிட்டாங்க, அக்காவுக்கு அதுல வருத்தம், எனக்கு இல்ல, மாமா இப்ப இருக்குற நிலைமையில மொத்தமா கையில குடுத்தா என்ன ஆகும்னு எனக்கு தெரியும்.

இதே மாதிரி வீட்ல யாருக்காவது ஆகியிருந்தா ஏ.ஆர். காப்பிய, அதாவது எப்படி அடிபட்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதுற விபத்து பதிவேட்டு நகல, மட்டும் மொதல்ல வாங்கி படிச்சுப் பாருங்க, அவசரத்துல "பைக்கிலிருந்து விழுந்து"ன்னு மட்டும் எழுதிட்டா வேனே இடிக்கலன்னு வாதாடுவாங்க. விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2022 ஏப்ரல்ல சட்டம் மாறியிருக்கு, ஆளு தேறட்டும் பாக்கலாம்னு உக்காந்துராதீங்க.

இப்ப கொறை. ஃபீஸ் பேச்சு ஆரம்பத்துலயே நெளிவா இருந்துச்சு. குமாஸ்தா "வர்ற தொகையில இவ்ளோ பர்சன்ட்"னு ஆரம்பிச்சாரு, பார் கவுன்சில் விதிப்படி அப்படி பங்கு பேசக் கூடாது, ஆனா ஊரு பூரா அப்படித்தான் நடக்குது. நாங்க வம்படியா நின்னு ஒரே தொகையா பேசி முடிச்சோம். ரசீதுன்னா என்னன்னே தெரியாத மாதிரி நடிப்பாங்க, நீங்க தான் கேட்டு வாங்கணும். வாய்தா தள்ளிப்போனா முந்தின நாள் ஒரு மெசேஜ் போட மாட்டாங்களா, கோர்ட் வாசல்ல போய் நின்னா தான் தெரியும், தலை சுத்துற ஆள பஸ்ல கூட்டிட்டு போறவங்களுக்கு தான் அந்த கஷ்டம்.

5க்கு 4 குடுக்குறேன், அந்த நாலும் மேடத்துக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகப்போறதா பேச்சு, அதுக்கு தனி ஃபீஸாம், எவ்ளோன்னு கேக்கலாம்னு பாத்தா குமாஸ்தா போனே எடுக்க மாட்டேங்குறாரு.