நாலு துடிப்பா, நாலு பிட்டா?

கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டம் வீட்டுக்குக் கீழே ஒரு மடிப்பில் இருக்கிறது. மொபைல் சிக்னல் கிடையாது. இலை வண்டி எப்போது வரும் என்று கேட்கக்கூட அப்பா மேடேறி வரவேண்டும். அதற்காக இரண்டு லோரா (குறைந்த சக்தியில் தூரம் போகும் ரேடியோ) பெட்டி செய்தேன். பேசிவிட்டுப் பட்டனை விட்டால் பதிவு மறுமுனைக்குப் போகும். பேச்சைச் சுருக்கி அனுப்ப ஜி.729-ஆ, கோடெக்2-வின் 1300 (விநாடிக்கு 1300 பிட்) முறையா என்பதில்தான் ஒரு மாதம் போனது.

இரண்டும் வாயின் வடிவத்தை வடிகட்டியாக்கி, தொண்டையின் தூண்டலை, அதாவது அந்த வடிகட்டிக்குள் போகும் மூல ஒலியை, தனியாகக் கையாள்கின்றன. தூண்டலுக்கு ஜி.729 தாராளமாகச் செலவழிக்கும்: 5 மில்லிவிநாடிக்கு நாலு துடிப்பு, எங்கே, பிளஸ்ஸா மைனஸா என்று. 10 மில்லிவிநாடித் துண்டின் (ஃபிரேம்) 80 பிட்டில் 34 இதற்கே. குரல் அப்பா குரலாகவே வரும், அதில் குறையில்லை.

கோடெக்2-வில் 40 மில்லிவிநாடிக்கே மொத்தம் 52 பிட். சுருதிக்கு 7, சத்தத்தின் அளவுக்கு 5. தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதற்கு வெறும் 4. துடிப்பு எங்கே என்று அனுப்புவதே இல்லை. மறுமுனை தானாக இட்டுக்கொள்ளும். குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும். பக்கத்தில் கவாத்து மெஷின் ஓடினால் இன்னும் மோசம்.

ஆனாலும் நான் எடுத்தது இதைத்தான். காரணம் காற்றில் ஆகும் நேரம். நம் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு சிக்னலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ்தான் அகலம் என்பதால் லோராவை 125 கிலோஹெர்ட்ஸில் வைத்தேன்; எஸ்எஃப்7 என்ற வேக அமைப்பில் விநாடிக்குச் சுமார் 5.5 கிலோபிட். பத்து விநாடிப் பேச்சு ஜி.729-ல் 10,000 பைட், 250 பைட் வீதம் 40 பாக்கெட். கோடெக்2-வில் 1,625 பைட், 7 பாக்கெட். மழை நின்றதும் நனைந்த சில்வர் ஓக் இலைகள் நடுவில் ஓரிரண்டு பாக்கெட்டைத் தின்றுவிடும். (மூடுபனியைத் திட்டுவார்கள்; இந்த அலைவரிசையில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது.) ஜி.729 முந்தைய தூண்டலின் மேலேயே அடுத்ததைக் கட்டுவதால், ஒரு துண்டு போனால் பின்னால் வருவதும் கொஞ்சம் தள்ளாடும். கோடெக்2-வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஒரு பாக்கெட்டில் ஒன்றரை விநாடி. போனால் "நாற்பது கிலோ" முழுசாகப் போச்சு. சரி, ஏழையும் ஒருமுறை அனுப்பி முடித்து, மறுபடி ஏழையும் அனுப்புகிறேன். அப்படியும் 14தான். ஜி.729-ல் இதைச் செய்தால் அரை நிமிடம் ஓடிவிடும்.

முதல் நாள் அப்பா கேட்டது, "யாருடா பேசறது?" இப்போது கேட்பதில்லை, எடையை மட்டும் இரண்டு தடவை சொல்கிறார். ஓடியது எங்கள் இரண்டு ஆண் குரல், அதுவும் ஒரே மழைக்காலம். அக்கா மகளின் கீச்சுக் குரலை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.