நலங்கு மாவா, அன்றன்றைக்கு அரைத்த விழுதா?

மன்னார்குடி பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாமியார் குளியலுக்கு அம்மியில் அரைப்பதைப் பார்த்து அசந்து போனேன். ராத்திரி ஒரு கைப்பிடி பச்சைப்பயறை ஊறவைத்து, காலையில் பாலாடை, நாலைந்து பன்னீர் ரோஜா இதழ், துளி கஸ்தூரி மஞ்சள் சேர்த்து வெண்ணெயாக அரைப்பார். என் அம்மா வீட்டில் பயறு, பூ, கிழங்கெல்லாம் காயவைத்து அரைத்த நலங்கு மாவு. இரண்டையும் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

சோப்பை விட இரண்டுமே மேல் என்பதில் பேச்சில்லை. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குளித்த பிறகும் தோலில் ஏதோ ஒட்டியிருக்கும். பயற்றுமாவுக்குத் தண்ணீர் எதுவானாலும் ஒன்றுதான்.

முதல் நாள் மென்மையில் விழுதுதான் ஜெயிக்கும், மறுக்கமாட்டேன். பாலாடையின் கொழுப்பு வறண்ட முழங்கையைக்கூட வழவழப்பாக்கிவிடும். ஆனால் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வருகிற வீட்டில் தினமும் யார் அரைப்பது? மீந்ததை வெளியே வைத்தால் சாயங்காலமே புளித்த வாடை. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாள்தான்.

ஆகவே நான் மாவுக் கட்சி. ஒரு கிலோ பயறுக்கு ஆவாரம்பூவும் ரோஜா இதழும் நூறு நூறு கிராம். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஐம்பது ஐம்பது கிராம். (வயலில் களை என்று பிடுங்கி எறிகிற அதே கோரைதான், நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.)

மாவில் எல்லாமே காயவைப்பதிலும் பாதுகாப்பதிலும்தான் இருக்கிறது. ஒரு வருஷம் அவசரப்பட்டு ஐப்பசியில் அரைத்தேன். அடைமழை, வெயிலே இல்லை. கார்த்திகையில் டப்பாவைத் திறந்தால் கட்டி கட்டியாக மாவு, உள்ளே வண்டு. இரண்டு கிலோ எருக்குழிக்குப் போனது. அதிலிருந்து பங்குனி, சித்திரையில் மட்டும்தான். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு ஈரவயலில் தெளித்த பயறு அப்போதுதான் வீட்டுக்கு வரும், வெயிலும் மொட்டைமாடியைச் சுடும். பயறையும் கிழங்குகளையும் இரண்டு மூன்று நாள் வெயிலில், பூக்களை நிழலில் காயவைக்க வேண்டும். கிழங்கை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள். வெட்டிவேரைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் நார் நாராக நின்றுவிடும்.

மில்லில் ஒரு எச்சரிக்கை. எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. அன்றைக்கு முகம் எரிந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் மில் திறந்ததும் போய், முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டிவிட்டுத்தான் இதைப் போடச் சொல்வேன்.

அரைத்து வரும் மாவு சூடாக இருக்கும். அப்படியே மூடினால் வியர்த்து, மறுபடி கட்டிதான். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலித்து, எவர்சில்வர் டப்பாவில் வசம்புத் துண்டோடு அடைக்கிறேன். சலிக்காத மாவு தோலைக் கீறும். குளியலறைக்கு வாரத்துக்கு ஒரு சின்ன பாட்டில் போதும். பெரிய டப்பாவில் ஈரக்கை படவே கூடாது. இப்படி வைத்தால் அடுத்த பங்குனி வரை எனக்கு வருகிறது. தேய்க்கும்போது ஒரு ஸ்பூன் தயிரோ பாலோ விட்டுக் குழைத்தால், விழுதின் வழவழப்பில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வறண்ட தோல். எண்ணெய் வழியும் முகத்துக்கு இரண்டில் எது ஒத்துவரும் என்று அனுபவத்தில் சொல்ல முடியவில்லை. கைக்குழந்தைக்கும் நான் தேய்த்ததில்லை. யாராக இருந்தாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இந்த வருஷப் பயற்றில் மூன்று கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். கால் கிலோ தனியாகக் கட்டி வைத்தது மாமியாரின் அம்மிக்கு. தீபாவளியன்றைக்கு அவர் அரைத்தால்தான் ஆச்சு.