கங்கைகொண்டானா, பிள்ளைப்பாக்கமா?

தமிழ்நாட்டில் இரண்டு பெரிய சோலார் பேனல் தொழிற்சாலைகள். நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை, உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் பேனல்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் திறந்த ஆலை, 3.3 கிகாவாட். சீனாவை நம்பாமல் பேனல் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன.

கங்கைகொண்டானில் சிலிக்கன் வழி. மிகத் தூய சிலிக்கனான பாலிசிலிக்கனை உருக்கி இன்காட் என்ற கட்டி, அதை அறுத்து வேஃபர் என்ற மெல்லிய தகடு, அப்புறம் அதிலிருந்து ஒளியை மின்சாரமாக்கும் செல், கடைசியில் செல்களைக் கோத்துப் பேனல். இதில் கடைசி இரண்டு படிகள்தான் அங்கே நடக்கின்றன. சிக்கல் அதற்கு முந்தைய படிகளில். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2021இல் உலக வேஃபர் உற்பத்தித் திறனில் சுமார் 97 விழுக்காடு சீனாவிடம் இருந்தது. 2022 ஏப்ரலில் இந்தியா பேனலுக்கு 40, செல்லுக்கு 25 விழுக்காடு சுங்க வரி போட்டது. ஆலைகள் பெருகின. ஆனால் சீனாவிடம் பேனலுக்குக் கையேந்தியவர்கள் செல்லுக்கும் வேஃபருக்கும் கையேந்த வேண்டியதாயிற்று.

பிள்ளைப்பாக்கத்தில் பாலிசிலிக்கனே தேவையில்லை. கண்ணாடியின் மேல் ஒளியை மின்சாரமாக்கும் கேட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மத்தின் மெல்லிய படலத்தைப் படியவைக்கிறார்கள். கண்ணாடியாக உள்ளே போவது ஒரே கூரையின் கீழ் பேனலாக வெளியே வருகிறது. இன்றைய நிலையில் சீனப் பிடியிலிருந்து அதிகம் விலகியது இதுதான். ஆனாலும் அந்தப் படலத்துக்கு வேண்டிய, செம்பு சுத்திகரிப்பில் துணைப்பொருளாகக் கிடைக்கும் டெல்லூரியத்துக்கு 2025 பிப்ரவரியில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. தொழில்நுட்பமோ பெரும்பாலும் ஃபர்ஸ்ட் சோலார் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்.

அதனால்தான் என் ஓட்டு கங்கைகொண்டானுக்கு. சிலிக்கன் வித்தையைப் பலரும் கற்கலாம். சீனாவே அப்படித்தான் கற்றது. ஆஸ்திரேலியாவில் சோலார் செல் ஆராய்ச்சியாளர் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி செங்ராங் 2001இல் சீனாவின் வூஷி நகரில் சன்டெக் என்ற சோலார் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அங்கே இயந்திரங்களும் பாலிசிலிக்கனும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. இன்று அந்த இயந்திரங்களையும் அவர்களே செய்கிறார்கள்.

நாமும் வேஃபர் படியில் அழுத்தமாகக் கால் வைத்தால் அப்படிக் கற்பது நடக்கும். பாலிசிலிக்கனும் இன்காட்டும் மின்சாரத்தைக் குடிக்கும் வேலைகள். சீனா பெரும்பாலும் மலிவான நிலக்கரி மின்சாரத்தில் அதைச் செய்தது. நம் அரசுகள் வேஃபர் ஆலைகளுக்கு என்ன விலையில் மின்சாரம் தரும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.