கார்ட்ரிட்ஜா, முள் வைத்ததா? கட்டட சைட்டுக்கு எந்தத் தீயணைப்பான்

கோவையில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாம் தளத்தில் நடந்த வெல்டிங்கின் பொறி கீழே அடுக்கியிருந்த சென்ட்ரிங் பலகையில் விழுந்து புகைந்தது. ஹெல்பர் தம்பி கார்ட்ரிட்ஜ் வகை சிலிண்டரைத் தூக்கி வந்து குமிழைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்த கேஸ் எப்போதோ கசிந்து தீர்ந்திருந்தது. டிரம் தண்ணீரை ஊற்றித்தான் அணைத்தோம். அந்த வாரமே எல்லாவற்றையும், உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே ஒரு முள் காட்டும் 'ஸ்டோர்ட் பிரஷர்' வகைக்கு மாற்றினேன்.

இரண்டிலும் இருப்பது ஒரே ஏபிசி பவுடர்தான். பலகை, தின்னர், மின்பெட்டி மூன்றுக்கும் ஆகும். நாங்கள் வைத்திருந்தவை எல்லாமே 6 கிலோ. பவுடரைத் தள்ளும் கேஸில்தான் வித்தியாசம். கார்ட்ரிட்ஜ் வகையில் கார்பன் டை ஆக்சைடு ஒரு சிறு குப்பியில் தனியாக இருக்கும். தட்டினால் குப்பி துளைபட்டு அழுத்தம் ஏறும். மற்றதில் நைட்ரஜனைப் பவுடரோடு சேர்த்தே அடைத்திருப்பார்கள். பின்னை உருவி அழுத்தினால் போதும்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். கார்ட்ரிட்ஜில் கேஸ் இருக்கிறதா என்று தெரிய, மூடியைத் திறந்து குப்பியை எடுத்து, தராசில் வைத்து, அதில் பொறித்த எடையோடு ஒப்பிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டும். தினமும் ஆள் மாறும் சைட்டில் இதை யார் செய்வார்கள்? முள் பச்சையில் நிற்கிறதா என்பதை வாட்ச்மேன் அண்ணன் இரவுச் சுற்றிலேயே பார்த்துவிடுகிறார். சிவப்புக்கு இறங்கினால் காலையில் என்னிடம் சொல்கிறார்.

ஆனால் முள் பவுடரைப் பற்றி எதுவும் சொல்லாது. லாரி அதிர்விலும் ஈரத்திலும் பவுடர் அடியில் இறுகிவிடும். அதனால் மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே சரிகிறதா என்று கையால் உணர்ந்து பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்று, யாராவது விளையாட்டுக்கு ஒரு நொடி அழுத்தினாலும் வால்வில் பவுடர் சிக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதை உடனே ரீஃபிலுக்கு அனுப்பிவிட வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் வகைக்கும் ஒரு நல்லது உண்டு. மாற்றுக் குப்பியும் பவுடரும் பழகிய ஆளும் இருந்தால் சைட்டிலேயே நிரப்பிவிடலாம். டவுனிலிருந்து தொலைவில் நடக்கும் வேலைக்கு அதுவே மேல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் நகரத்து வேலை, அதனால் மறுக்க மாட்டேன். மணல் வாளியும் தண்ணீர் டிரம்மும் எப்படியும் இருக்கட்டும், மின்பெட்டிப் பக்கம் மட்டும் தண்ணீர் வேண்டாம்.

இப்போது ஒன்றைக்கூடப் பூட்டிய ஸ்டோர் ரூமில் வைப்பதில்லை. ஸ்லாப் ஏற ஏற, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று கூடவே ஏறுகிறது. வெல்டிங் முடிந்தபின் ஒரு மணி நேரம், கீழ்த்தளத்தில் அதோடு ஒருவர் நிற்கிறார்.