மோட்டார் சட்டத்துக்கு வாங்கிய எம்8 ஃபிளேஞ்ச் நட்டுகள்

எங்கள் தண்ணீர் மோட்டாரை இரும்புச் சட்டத்தோடு பிணைத்திருந்த நட்டுகள் அதிர்வில் அடிக்கடி தளர்ந்ததால், உள்ளூர் ஹார்டுவேர் கடையில், எம்8 (8 மி.மீ. விட்டப் போல்ட்டுக்கான) ஃபிளேஞ்ச் நட்டுகள் 20 வாங்கினேன்; இவற்றின் அடியில் அகன்ற வட்ட விளிம்பும் அதன் அடிப்புறம் பற்களும் உண்டு. மூன்று மாதமாக ஒன்றுகூடத் தளரவில்லை. அகன்ற விளிம்பே வாஷரின் வேலையைச் செய்து அழுத்தத்தைப் பரப்புகிறது; பற்கள் இரும்பில் பதிந்து, நட்டு பின்னோக்கிச் சுழலாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே அடியில் தனி வாஷர் போடவே கூடாது; போட்டால் பற்கள் வாஷரைத்தான் பிடிக்கும், அந்த வாஷரோ நட்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும்.

மின் இணைப்பைத் துண்டித்து, போல்ட்டின் மரையைத் துடைத்து, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றினேன். எடுத்த எடுப்பில் ஸ்பானரைப் போட்டால் மரை கோணலாக ஏறிக் கெட்டுவிடும். பிறகு 13 மி.மீ. ஸ்பானரால் மூலைவிட்டமாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கினேன். சென்ற வாரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, பெயின்ட்டைக் கீறிக்கொண்டு வளையமாகப் பதிந்த பல்தடம் இரும்பில் பளபளத்தது. துரு ஏறாதிருக்க அங்கே பிரைமர் பூசினேன். இரண்டு நட்டுகளின் மரையில் பிசிறு இருந்தது உண்மையான குறை. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியப் பரப்புகளுக்குப் பற்களில்லாத வகையையே கேட்டு வாங்குங்கள்.